அந்தமானுக்கு 6 நாள்: மாமியார், 2 பிள்ளைகளோட ஜனவரியில் போறோம், நாட்களை எப்படிப் பிரிக்க, என்ன எடுத்துப்போக?

காவிரிக்கரை (ஈரோடு)

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம், குடியரசு தின லீவை ஒட்டி அந்தமான் போறோம். நான், வீட்டுக்காரர், பையனுக்கு 13 வயசு, பொண்ணுக்கு 9, கூட மாமியார், அவங்களுக்கு 66. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஈரோட்ல ஏறி, சென்னையில இருந்து காலையில விமானம். 5 ராத்திரி, 6 நாள். விமான டிக்கெட் மட்டும்தான் போட்டிருக்கோம். மத்ததெல்லாம் இனிமேல்தான்.

எங்களுக்குக் கடல்னா கன்னியாகுமரி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி. கால் நனைச்சுட்டு வந்துருவோம். இந்தத் தடவை பிள்ளைங்க தண்ணிக்குள்ள தலையை விட்டு மீன் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். எனக்கும் ஆசைதாங்க.

ஏஜெண்ட் ஒருத்தர் திட்டம் போட்டுக் கொடுத்தாரு. முதல் நாள் செல்லுலர் ஜெயில். 2ஆம் நாள் காலையில கப்பல்ல ஹேவ்லாக் தீவு, அன்னிக்கே அங்க இருக்கிற காலாபத்தர், ராதாநகர் ரெண்டு பீச்சும். 3ஆம் நாள் காலையில எலிஃபெண்ட் பீச், மத்தியானம் நீல் தீவுக்குக் கப்பல். 4ஆம் நாள் நீல் சுத்திட்டுச் சாயங்காலம் போர்ட் பிளேயர். 5ஆம் நாள் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி பாராடாங் குகை. 6ஆம் நாள் விமானம். இது நடக்கிற காரியமா?

அத்தைக்கு ரெண்டு முட்டியும் வலி. ஊட்டி பஸ்ல ஏறினாலே வாந்தி எடுப்பாங்க, கப்பலை நெனச்சா பயமா இருக்கு. பையன் கண்ணாடி போடுறான், மைனஸ் 2.5. நான் நீச்சல் உடையெல்லாம் போட்டுப் பழக்கமில்ல, சுடிதாரோட இறங்கலாமான்னு தெரியல. எத்தனை செட் துணி எடுக்க, மருந்து என்ன எடுக்க, பணமா வச்சுக்கணுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

அபர்தீன்வாசி (போர்ட் பிளேயர்)

தங்கச்சி, நான் போர்ட் பிளேயர்லயே பொறந்து வளந்தவன். அப்பா ராமநாதபுரத்துல இருந்து துறைமுக வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்டார். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் நாள் பிரிச்சுக் கொடுக்கிறது எங்க வீட்டு வேலை மாதிரி ஆயிப்போச்சு. ஏஜெண்ட் எழுதின இடங்கள்ல ஒண்ணும் குறை இல்ல. ஆனா அவர் வெளிச்சத்தையும் கடலையும் கணக்குல எடுத்துக்கல. இந்த ரெண்டையும் வச்சு நாளைப் பிரிச்சா மிச்சமெல்லாம் தானா சரியாகும்.

முதல்ல வெளிச்சம். நாங்க சென்னைக்கு ரொம்பக் கிழக்க இருக்கோம், ஆனா கடிகாரம் ஒண்ணுதான். அதனால சூரியன் சென்னையை விட ஏறக்குறைய 50 நிமிஷம் முன்னாடியே உதிச்சு, முன்னாடியே மறையும். நீங்க வர்ற ஜனவரி கடைசியில காலை 5.45க்கெல்லாம் விடிஞ்சிரும், சாயங்காலம் 5.20 வாக்குல சூரியன் கடலுக்குள்ள போயிரும். 6 மணிக்கு நல்ல இருட்டு. ஊர்ப் பழக்கத்துல 2 மணிக்குச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து, 4.30க்கு ராதாநகர் போய் இறங்குற குடும்பங்களை நிறையப் பாத்திருக்கேன். பிள்ளைங்க உடுப்பு மாத்தி முட்டி வரைக்கும் தண்ணிக்குள்ள போறதுக்குள்ள விசில் அடிச்சு மேல ஏறச் சொல்லிருவாங்க. நீங்க மத்தியானம் 2.30, 3 மணிக்கெல்லாம் அங்க இருக்கணும். சாப்பாட்டை 12.30க்கு முடிச்சிருங்க. காலையில 6ல இருந்து 9 வரைக்கும் கடலுக்குன்னே ஒதுக்குங்க. வெயிலும் ஏறியிருக்காது, கூட்டமும் வந்திருக்காது. ராத்திரி 9 மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க வச்சாத்தான் இது நடக்கும்.

அடுத்தது கப்பல். போர்ட் பிளேயர்ல இருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பல்ல ஒண்ணரை மணியில இருந்து 2 மணி நேரம் ஆகும். சர்க்கார் கப்பல் இன்னும் மெதுவாப் போகும், டிக்கெட் கம்மி. ஆனா கடல்ல இருக்கிற நேரத்தை மட்டும் பாக்காதீங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே கப்பல் ஏறுற துறைக்கு (ஜெட்டி) வரணும், பெட்டியைக் கொடுக்கணும், அடையாள அட்டை காட்டணும், இறங்கினதும் பெட்டி வர்ற வரைக்கும் நிக்கணும். ஒவ்வொரு கப்பலும் அரை நாளைத் தின்னுரும். உங்க ஏஜெண்ட் 3 நாளைக்குள்ள 3 கப்பல் வச்சிருக்கார். முட்டி வலிக்காரங்களை வச்சுக்கிட்டு இது வேண்டாம்.

இன்னொண்ணு. தீவுல இருந்து கப்பல்ல வந்து அன்னிக்கே விமானம் ஏறுற மாதிரி யார் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் ஒத்துக்காதீங்க. ஜனவரியில கடல் பெரும்பாலும் அமைதிதான். இருந்தாலும் காத்து மாறினா கப்பலை நிறுத்திருவாங்க, அதைக் கேள்வி கேக்க முடியாது. கடைசி ராத்திரி போர்ட் பிளேயர்லதான் தங்கணும். உங்க ஏஜெண்ட் அதை மட்டும் சரியா வச்சிருக்கார்.

பாராடாங்கை விட்டுருங்க. குகை நல்ல குகைதான். ஆனா அத்தைக்கு அது ஆகாது: விடிகாலையில எழுந்து, 100 கிலோமீட்டர் ரோட்டுல போய், படகு மாறி, அதுக்கப்புறம் நடக்கணும். அதோட அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது. வண்டிகளை வரிசை கட்டித்தான் விடுவாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்த சனங்களைப் பாக்கலாம்னே போறவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பல. அவங்க வீட்டு வாசல் வழியா நாம கூட்டமாப் போய் எட்டிப் பாக்க வேண்டியதில்ல.

தண்ணியில இறங்குறதைப் பத்தி இதை மட்டும் கவனமாக் கேளுங்க. இங்க கடல் முதலை உண்டு. சதுப்புக் காட்டு ஓடைகள்ல இருக்கும், சில சமயம் கடற்கரை ஓரமாவும் வரும். 2010ல ராதாநகர் பக்கத்துல நீல்ஸ் கோவ்ங்கிற இடத்துல வெளிநாட்டுப் பயணி ஒருத்தரை முதலை அடிச்சிருக்கு. பயப்படுத்த சொல்லல, உயிர்க்காவலர் நிக்கிற இடத்துல பகல் வெளிச்சத்துல தினமும் எத்தனையோ பேர் குளிக்கிறாங்க. ஓடை கடல்ல கலக்கிற இடம், சதுப்பு மரங்க ஓரம், எச்சரிக்கைப் பலகை வச்ச இடம், இருட்டின நேரம் இதெல்லாம் வேண்டாம்.

பெயர் விஷயம்: டிக்கெட் தேடும்போது ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப்னும், நீல் ஷஹீத் த்வீப்னும் வரும். 2018 கடைசியில மாத்தினாங்க. போர்ட் பிளேயரும் 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆயிருச்சு. பழைய பேர், புதுப் பேர் ரெண்டையும் குறிச்சு வச்சுக்கோங்க.

ஆழ்கடல்பிரியை (சென்னை)

அண்ணா சொன்னதுக்கு மேல நாள் கணக்கைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஸ்கூபா டைவிங் (காத்து சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில போறது) பண்றவ, தண்ணிக்குள்ள இறங்குற சமாச்சாரத்தை மட்டும் சொல்றேன்.

சுடிதார் வேண்டாம் சிஸ்டர். காட்டன் தண்ணியைக் குடிச்சு கனமாயிரும், கால்ல சுத்தும். துப்பட்டாவோட படகுல ஏறுறது ஆபத்துங்க. நீச்சல் உடைன்னா உடம்பு தெரியிற உடைதான்னு நினைக்காதீங்க. பாலியஸ்டர் லைக்ராவுல முழுக்கை டாப்பும், கணுக்கால் வரைக்கும் லெகிங்ஸும் கிடைக்குது. கூச்சமும் இருக்காது, வெயிலும் படாது. ஸ்நார்க்கல்னா கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க் மாட்டி, குழாய் வழியா மூச்சு விட்டுக்கிட்டு மிதந்தே மீன் பாக்கிறது. அது பண்ணும்போது முகம் தண்ணிக்குள்ள, முதுகு முழுக்க வெயில்ல. ஒரு மணி நேரத்துல பின்கழுத்தும் முட்டிக்குப் பின்னாடியும் வெந்துபோகும், தண்ணி குளிர்ச்சியில அப்பத் தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்கும் முழுக்கைதான் எடுங்க.

சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கைக்கும் போதும். எஸ்பிஎஃப் 50, வெளியே கிளம்புறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி தடவி, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவணும். டப்பாவுல ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட்னு போட்டிருந்தா வாங்காதீங்க. பவளத்துக்குக் கெடுதல்னு ஹவாயில 2021ல இருந்து இந்த ரெண்டுல எது இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை பண்ணிட்டாங்க. ஜிங்க் ஆக்சைடு போட்டதைப் பாருங்க. பூசினா வெள்ளையாத் தெரியும், பரவால்ல.

மாஸ்க் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பிள்ளைங்க பயந்துக்கிறதும் சந்தோஷப்படுறதும் இதுலதான். வாரை மாட்டாம மாஸ்க்கை முகத்துல வெறுமனே வச்சு, மூக்கால லேசா மூச்சை உள்ள இழுக்கச் சொல்லுங்க. கையை எடுத்தும் கீழ விழாம ஒட்டிக்கிட்டு நின்னா அந்த அளவு சரி. நழுவினா வேற கேளுங்க, வாரை இறுக்கி சரி பண்ண முடியாது. முன்முடி ஒண்ணுகூட மாஸ்க்குக்குள்ள மாட்டக் கூடாது, அந்த வழியா தண்ணி வரும். உங்க வீட்டுக்காரருக்கு அடர்த்தியான மீசைன்னா மூக்குக்குக் கீழ ஓரமா கொஞ்சம் கத்தரிச்சா கசியாது. கண்ணாடியில ஆவி படியாம இருக்க, பேபி ஷாம்பு ஒரு சொட்டு விட்டு விரலால தேச்சுட்டு லேசா அலசணும். ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போங்க.

பையனுக்கு மைனஸ் பவர் வச்ச மாஸ்க்கே இருக்கு. ஹேவ்லாக்ல சில டைவ் கடைகள்ல வாடகைக்கு வச்சிருப்பாங்க, எல்லா இடத்துலயும் இருக்காது. ரூம் போடும்போதே ரெண்டு மூணு கடைக்கு வாட்ஸ்அப்ல மைனஸ் 2.5 இருக்கான்னு கேட்டு வைங்க. சரியா அதே பவர் இல்லைன்னா மைனஸ் 2 போதும், தண்ணிக்குள்ள எல்லாம் கொஞ்சம் பெருசாத்தான் தெரியும். இது இல்லாம கூட்டிட்டுப் போனா பிள்ளைக்கு வெறும் பச்சையும் நீலமும்தான் தெரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மாஸ்க்கும் குழாயும் வாங்கி வீட்லயே பழக்குங்க. பெரிய அண்டாவுல தண்ணி நிரப்பி, முகத்தை மட்டும் அமுக்கி, வாயால மூச்சு விடணும். முதல் நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிக்கும், பழகினா அடங்கிரும். அந்தப் படபடப்பு அண்டாவுலயே போயிட்டா கடல்ல மீனை மட்டும் பாக்கலாம். உங்க பொண்ணுக்குச் சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு படகுல ஏறும்போதே கேளுங்க, பெரியவங்களோடதை மாட்டி விட்டா தலைக்கு மேல ஏறிக்கும்.

பவளத்து மேல நிக்கவே கூடாதுன்னு பிள்ளைகள்ட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. அது உயிரு, ஒரு மிதியில பல வருஷ வளர்ச்சி ஒடிஞ்சிரும். ஊசி ஊசியா முள் நீட்டிக்கிட்டு கறுப்பு உருண்டை மாதிரி ஒண்ணு பாறை இடுக்குல இருக்கும், அதை மிதிச்சா முள் கால்லயே ஒடியும். அதனால ரப்பர் அடி வச்ச, பின்னால வார் இருக்கிற செருப்பு போடுங்க. ஹவாய் செப்பல் அலையில போயிரும்.

ஸ்கூபா 10 வயசுக்கு மேலதான் விடுவாங்க. பையன் பண்ணலாம், பொண்ணு பண்ண முடியாது, முன்னாடியே சொல்லிருங்க, அங்க வந்து அழுவா. சளி பிடிச்சு காது அடைச்சிருந்தா பையனும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தா டாக்டரைக் கேக்காம போகக் கூடாது. டைவ் பண்ணின பிறகு விமானத்துக்கு 18 மணி நேரமாவது இடைவெளி வேணும். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியே போக அவ்வளவு நேரம் ஆகும்.

காவிரிக்கரை (ஈரோடு)

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்டாவை இன்னிக்கே இறக்கிட்டோம், பொண்ணு விடவே மாட்டேங்குறா.

பாராடாங் வேண்டாம்னு வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன். அண்ணா, நீல் தீவையும் விட்டுரலாமா? அத்தைக்குக் கப்பல் குறையுமேன்னு பாக்குறேன். அவங்க கடல்ல இறங்க மாட்டாங்க, அவங்க நாள் பூரா என்ன பண்ணுவாங்கன்னும் இருக்கு. வாந்திக்கு என்ன பண்றது? துணி, மருந்து, பணம் இதையும் சொல்லிருங்க.

மதுரைமல்லி (மதுரை)

நீலை விட்டுறாதீங்க தோழி! ஹேவ்லாக்கை விட எனக்கு நீல்தான் பிடிச்சுது. ஊரே கைக்குள்ள அடங்கும், எங்க போனாலும் ஆட்டோவுல கொஞ்ச நேரம்தான், வழி நெடுக காய்கறித் தோட்டம். வயசானவங்களுக்கு அந்த அமைதி பிடிக்கும். என் அம்மா பரத்பூர் பீச்ல நிழல்ல உக்காந்தவங்க எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஹேவ்லாக்ல ஒரு ராத்திரியைக் குறைச்சுட்டு அங்க ஒரு ராத்திரி தங்குங்க.

அபர்தீன்வாசி (போர்ட் பிளேயர்)

மதுரைமல்லி சொல்ற அமைதி உண்மைதான், நானும் ஓய்வு கிடைச்சா நீலுக்குத்தான் போவேன். ஆனா அங்க ஒரு ராத்திரி மட்டும் தங்கினா கப்பல்ல வந்து இறங்கி, மறுநாள் கப்பலுக்கு ஓடுற மாதிரிதான் இருக்கும். அதோட அங்க பேர்போன இயற்கைப் பாலத்துக்கு, லக்ஷ்மண்பூர் 2ஆம் பீச்ல, கடல் வத்தின நேரத்துலதான் போக முடியும். வழுக்குற செத்த பவளப் பாறை மேல நடக்கணும், அத்தைக்கு அது முடியாது. கடல் ஏறுற நேரமும் வத்துற நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், நீங்க இருக்கிற ஒரே பகல்ல அது தோதா அமையணும். 8 நாள் இருந்தா நானே நீலுக்குப் போகச் சொல்லுவேன். 6 நாள்ல, வாந்தி வர்ற ஒருத்தரோட, ஹேவ்லாக்ல 3 ராத்திரிதான் என் யோசனை. 2 கப்பலோட முடிஞ்சிரும்.

அத்தையைப் பத்திக் கவலைப்படாதீங்க. காலாபத்தர்ல ரோடே கடலை ஒட்டித்தான் போகுது. ஆட்டோவை விட்டு இறங்கி நாலு எட்டு வச்சா மணல். கிழக்குப் பக்கம்ங்கிறதால சூரியன் உதிக்கிறதை அங்க பாக்கலாம். 5.30க்குக் கூட்டிட்டுப் போங்க, உங்க பிள்ளைங்க வந்தாலும் வராட்டியும் அவங்க வருவாங்க. ராதாநகர்ல உயர உயரமா மரங்க இருக்கு, நிழல்ல உக்கார பெஞ்சு இருக்கு, உடுப்பு மாத்த அறை இருக்கு. நடக்க ஆசைப்பட்டா ஈர மணல்ல நடக்கச் சொல்லுங்க. காஞ்ச மணல்ல கால் புதையிறதுதான் முட்டியைப் பிடிச்சு இழுக்கும், அலை வந்துபோன இடம் கெட்டியா இருக்கும். எலிஃபெண்ட் பீச்சுக்கு மட்டும் அவங்க வேண்டாம், முட்டியளவு தண்ணியில நின்னு படகுல ஏறி இறங்கணும். அந்தக் காலைப் பொழுது அவங்க ரூம்ல ஓய்வா இருக்கட்டும், யாராவது ஒருத்தர் கூட இருங்க.

கப்பல்ல கீழ்த்தட்டுல, நடுவுக்குப் பின்னால சீட் கேளுங்க. முன்பக்கம்தான் தூக்கிப் போடும். வெறும் வயித்தோட ஏத்தாதீங்க, எண்ணெய்ப் பலகாரமும் கொடுக்காதீங்க. ரெண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையை ஏறின பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்ல, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியாவது போடணும். எது, எவ்வளவுன்னு அவங்க வழக்கமாப் பாக்குற டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, 66 வயசுல பிரஷர், சுகர் மாத்திரை எதாவது சாப்பிடுவாங்க இல்லையா. இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கையில இருக்கட்டும். போனைப் பாக்க விடாதீங்க, ஜன்னல் வழியா தூரத்துக் கடல் விளிம்பைப் பாக்கச் சொல்லுங்க. அந்தக் கப்பல்ல ஏசி நடுங்க வைக்கும், ஒரு சால்வை கைப்பையில இருக்கணும்.

துணிக்கு வர்றேன். இங்க காத்துல எப்பவும் ஈரம். நீங்க நினைக்கிற மாதிரி ஒரு ராத்திரியில எதுவும் காயாது. அதுலயும் உப்புத் தண்ணியில நனைஞ்ச துணியை அப்படியே போட்டா காயவே காயாது, உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். தொட்டா பிசுபிசுன்னு இருக்கும், மறுநாள் போட்டா தொடை இடுக்கெல்லாம் உரசிப் புண்ணாயிரும். நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சு, ஃபேனுக்குக் கீழ கொடி கட்டிப் போடணும். அதுக்கு மெல்லிசு நைலான் கயிறும் பத்து கிளிப்பும் எடுத்துக்கோங்க. கடலுக்குன்னு ஆளுக்கு 2 செட் இருந்தா ஒண்ணு காயும்போது இன்னொண்ணைப் போடலாம். மத்தபடி தினம் ஒண்ணு மெல்லிசா. ஜீன்ஸை ஈரோட்லயே விட்டுட்டு வாங்க. டர்க்கி டவலும் வேண்டாம், உங்க ஊர்லயே நல்ல ஈரிழைத் துண்டு கிடைக்குது, அதை விட சீக்கிரம் காயிற துண்டு நான் பாத்ததில்ல. ஆளுக்கு ரெண்டு போடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கைலி, உடுப்பு மாத்துறதுக்கும் ஆகும், மணல்ல விரிச்சு உக்காரவும் ஆகும்.

5 பேருக்கும் சேத்து சக்கரம் வச்ச பெட்டி 2, முதுகுப் பை 2. அதுக்கு மேல வேண்டாம், ஜெட்டியில அதைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது நீங்கதான். ஒரு முதுகுப் பையை ஈரச் சாமானுக்குன்னே வச்சுக்கோங்க. பவர் பேங்க் கைப்பையிலதான் போகணும், பெட்டியில போட்டா விமான நிலையத்துல எடுக்கச் சொல்லுவாங்க. ஊறுகாய் அதுக்கு நேர்மாறு, பெட்டியில போடுங்க. ஹேவ்லாக்ல குடியேறினவங்க பெரும்பாலும் வங்காளிங்க, மீன் அருமையாச் செய்வாங்க. இட்லி, தோசை, சாப்பாடும் கிடைக்கும். இருந்தாலும் அத்தைக்குப் பருப்புப் பொடி ஒரு டப்பா இருந்தா எந்த ஓட்டல்லயும் சோத்தை வாங்கி நிம்மதியாச் சாப்பிடுவாங்க.

மருந்து: பாராசிட்டமால், ஓஆர்எஸ், பிளாஸ்திரி, கலமைன் லோஷன், அரிப்புக்கு டாக்டர் சொல்ற மாத்திரை. மணல் ஈன்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, காலையிலயும் சாயங்காலமும் மணல்ல உக்காந்தா கணுக்கால்ல கடிக்கும். கடிச்ச அன்னிக்கு ஒண்ணும் இருக்காது, மறுநாள் அரிக்கும், சொறிஞ்சா புண்ணாகி ஒரு வாரம் படுத்தும். இங்க நாங்க தேங்காய் எண்ணெயைத் தாராளமாத் தடவிக்கிட்டுத்தான் போவோம். பிள்ளைங்க நகத்தைக் கிளம்புற முன்னாடி வெட்டி விடுங்க.

பணம் ரொக்கமா கொஞ்சம் கூடவே வச்சுக்கோங்க. 2020 ஆகஸ்டுல சென்னையில இருந்து கடலடி கேபிள் வந்ததும் எங்களுக்கு இண்டர்நெட் எவ்வளவோ தேவல, ஹேவ்லாக்குக்கும் அது வந்திருக்கு. ஆனா கடற்கரையில, படகுத் துறையில ஜிபே சுத்திக்கிட்டே நிக்கும். 100, 200 நோட்டா மாத்திக்கோங்க. டிக்கெட், ரூம் எல்லாத்தையும் காகிதத்துல பிரிண்ட் எடுத்துருங்க. அடையாள அட்டை ஒரிஜினல் 5 பேருக்கும் வேணும், பிள்ளைகளோட ஆதாரும் சேத்து.

கடைசியா பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வைங்க: கரையில கிடக்கிற சங்கு, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. செத்த பவளத் துண்டானாலும் கூடாது, 1972 வன உயிர் சட்டத்துல வருது. விமான நிலையத்துல ஸ்கேன் பண்ணும்போது தெரிஞ்சிரும், பெட்டியைத் திறந்து எடுத்துருவாங்க. ஆசைப்பட்டா போர்ட் பிளேயர்ல சாகரிகா சர்க்கார் கடையில வாங்கிக் கொடுங்க, பில்லைப் பத்திரமா வச்சுக்கோங்க.

காவிரிக்கரை (ஈரோடு)

அண்ணா, இப்ப இப்படிப் போட்டிருக்கேன். முதல் நாள் மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் செல்லுலர் ஜெயில். 2ஆம் நாள் காலைக் கப்பல்ல ஹேவ்லாக், 3 மணிக்கு ராதாநகர். 3ஆம் நாள் விடிகாலை அத்தையோட காலாபத்தர், அப்புறம் பிள்ளைகளும் அவரும் எலிஃபெண்ட் பீச். 4ஆம் நாள் காலையில பையனுக்கு ஸ்கூபா, சாயங்காலம் திரும்ப ராதாநகர். 5ஆம் நாள் கப்பல்ல போர்ட் பிளேயர். 6ஆம் நாள் காலை 11 மணிக்கு விமானம். 4ஆம் நாள் காலையில டைவ் பண்ணினா 18 மணி நேரத்துக்கு மேல தாராளமா இருக்குதுல்லங்க? மதுரைமல்லி அக்கா, நீலுக்கு இன்னொரு தடவை கண்டிப்பாப் போறோம்.

ஆழ்கடல்பிரியை (சென்னை)

தாராளமா இருக்கு. தம்பியை முந்தின நாள் நல்லாத் தூங்க வைங்க, காலையில லேசாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

அபர்தீன்வாசி (போர்ட் பிளேயர்)

திட்டம் நல்லா இருக்கு தங்கச்சி. ஜெயில்ல 7 கிளைக் கட்டடத்துல 3தான் இப்ப நிக்குது. மேல் மாடிக்குப் படி ஏறணும், அத்தை கீழயே இருக்கட்டும், ராத்திரி ஒலி ஒளிக் காட்சியை உக்காந்தே பாக்கலாம். 5ஆம் நாள் காலைக் கப்பல்ல வந்துட்டா சாயங்காலம் வீணாகாது. சிடியா டாப்பு 25 கிலோமீட்டர்தான், சூரியன் மறையிறதுக்கு அங்க போங்க, 4 மணிக்கே இருக்கணும். அத்தைக்குக் கோயில் போகணும்னா வெற்றிமலை முருகன் கோயில் ஊருக்குள்ளயே இருக்கு.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அவசரப்படுங்க. குடியரசு தின லீவுக்குக் கல்கத்தாவுல இருந்தும் கூட்டம் வரும். முதல்ல ரெண்டு கப்பல் டிக்கெட்டையும் போடுங்க, அந்தத் தேதியை வச்சு அப்புறம் ரூம் போடுங்க. ரூமை முன்னாடி போட்டுட்டுக் கப்பலுக்கு அலையக் கூடாது.